இயந்திரத்துக்குக் கால்கட்டு

உலகத்தில் இயந்திரம் வாங்கிய ஆய்வு நிலையங்கள் ஏராளம். வாங்கிய இயந்திரத்தின் கால்களைக் கயிற்றால் கட்டி வைத்த பெருமை, கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துப் பரம்பரை நரம்பு நோய் ஆய்வு நிலையத்துக்கு மட்டுமே உண்டு.

கட்டச் சொன்னவர் இயக்குநர் ஓரின்பசார். அந்தப் பெயருக்கே 'இடத்தைப் பிடிப்பவர்' என்றுதான் பொருள். பெரியப்பா ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலியைப் பிடித்து, பெயரைக் காப்பாற்றியவர்.

"குழந்தை நடக்க ஆரம்பிச்சா என்ன பண்றோம்? நம்ம வழக்கப்படி காலைக் கயித்தால கட்டி, விறுவிறுன்னு நடக்கிற ஆளாப் பாத்துக் கயித்தை வெட்டச் சொல்றோம். வெட்டினவங்க நடைதான் குழந்தைக்கு வரும். இதுவும் நம்ம குழந்தைதானே ரைஹான்?"

"இது மரபணுவைப் படிக்கிற மெஷின் சார். கரண்ட் வந்தாப் போதும்."

"வேதியியல் படிச்சவங்களுக்குக் கலாசாரம் புரியாது" என்று அவர் அன்போடு மன்னித்தார்.

ரைஹான் ஆராய்ந்தது ஒரு திக்கலை. மரபணுவில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று திக்குவாய்க்காரன் பேச்சுபோலத் திரும்பத் திரும்ப வரும். அளவோடு திக்கினால் வம்பில்லை. மிஞ்சினால் ஒருநாள் நடை தள்ளாடும், பிறகு படுக்கை. தலைமுறைக்குத் தலைமுறை திக்கல் நீளும். அதில் போய் ஒட்டிக்கொண்டு அதை அடக்கும் ரசாயனம் ஒன்றை உருவாக்கி, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வாங்கியிருந்தாள். ஒரே நிபந்தனை: தள்ளாட்டம் தொடங்கும் முன்னே கொடுத்தாக வேண்டும்.

வசந்தத்தில் தாஸ்தான் வந்தான். பால் லாரி ஓட்டுகிறவன். தாயை இந்த நோய்க்குக் கொடுத்தவன். கூடவே, அவன் கட்டிக்கொள்ளப் போகும் மோல்திர்.

"இருக்கா, இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர். அப்புறந்தான் கல்யாணத் தேதி."

"இருந்தாலும் கட்டிப்பேன்னு சொல்லியாச்சு. இவருக்குத்தான் வீம்பு" என்றாள் மோல்திர்.

"லாரி வாங்கினாக்கூட இஞ்சினைப் பாத்துத்தானே வாங்கறோம்?"

"நான் பழைய லாரின்னு தெரிஞ்சேதான் வாங்கறேன். பேசாம கையை நீட்டு."

அவனுடைய ரத்தம், இயக்குநரின் குதிரைக்கறித் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் இடம்பிடித்தது. தாஸ்தானின் கால்கட்டு, இயந்திரத்தின் கால்கட்டு அவிழக் காத்திருந்தது.

"ரத்தத்தை வெளியூர் மெஷினுக்காவது அனுப்பிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள் ரைஹான்.

"வீட்டுல குழந்தை இருக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்சறதா? ஊர் என்ன பேசும்?"

கயிறு வெட்டத் தகுதியானவரைக் கண்டுபிடிக்க, மூன்று நரம்பியல் நிபுணர்கள் அடங்கிய 'உயர்மட்ட நடைத் தேர்வுக் குழு' அமைந்தது. துணை அமைச்சர் வாத்துபோல நடந்தார். மல்யுத்த வீரருக்குத் தட்டைப் பாதம். தபால்காரப் பெண்மணி காற்றாகப் பறந்தாள். ஆனால் 'நடை உண்டு, அந்தஸ்து இல்லை' என்று குழு வருந்தியது. ஆப்பிள் காய்த்தது, பழுத்தது, கூடை கூடையாகச் சந்தைக்கும் போய்விட்டது.

முதல் பனி விழுந்த அன்று தாஸ்தான் மோல்திரோடு மறுபடி வந்தான். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த குழு, அடுத்த போட்டியாளர் வந்துவிட்டதாக முடிவு செய்தது.

"நடங்க தம்பி!"

நடந்தான். கடைசியில் திரும்பும்போது அவன் கை ஒரு கணம் சுவரைத் தொட்டது.

"அடடா, சுவத்தைத் தொட்டாரே, என்ன ஒய்யாரம்!" என்றார் ஒரு நிபுணர்.

"காலை அகட்டி வைக்கிறதைப் பாருங்க. குதிரையை விட்டு இப்பத்தான் இறங்கின மாதிரி!" என்றார் இன்னொருவர்.

ரைஹான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பாதங்களைக் கவனித்தாள். மோல்திர் அவள் முகத்தையே பார்த்தாள்.

தேர்வு ஏகமனதாக முடிந்தது. அந்தஸ்தைக்கூட யாரும் கேட்கவில்லை. விழா உடனே நடந்தது. தாஸ்தானின் கத்தரிக்கோல் இரண்டு முறை கயிற்றைத் தவறவிட்டது. "மூணாவது வெட்டுதான் ராசி!" என்றார் இயக்குநர். கயிறு அறுந்தது. வழக்கப்படி வாரியிறைத்த மிட்டாய்கள் பறந்தன.

அதன்பின் இயந்திரம் தாஸ்தானின் ரத்தத்தைப் படித்துச் சொன்னது. நீளமாகத் திக்கியது.

ரைஹான் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். தாஸ்தான் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வசந்தத்துலயே பாத்திருந்தா மருந்து குடுத்திருப்பீங்களா?" மோல்திரின் குரல் தணிந்திருந்தது.

"குடுத்திருப்பேன்."

அவள் தாஸ்தானின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கல்யாணம் வர்ற சனிக்கிழமை. வாயைத் திறந்தே, வெள்ளிக்கிழமைக்கு மாத்திடுவேன்."

அந்த நேரத்தில் மிட்டாய்த் தட்டோடு இயக்குநர் நுழைந்தார். "நம்ம குழந்தை முதலடி வெச்சிருச்சு! எடுத்துக்கம்மா!"

மோல்திர் எடுத்துக்கொள்ளவில்லை. "ஐயா, சின்ன வயசுல உங்க கால் கயித்தை வெட்டினது யாரு?"

"என் பெரியப்பா! எனக்கு முன்னால இங்கே இயக்குநர். அப்படியே அவர் நடை எனக்கு!"

"இவரோட அம்மா இங்கே வருஷக்கணக்கா நடையா நடந்தாங்களே, அப்போ இருந்தவரா?"

"அவரேதான்!" என்று மலர்ந்தார் இயக்குநர்.

"அப்படின்னா, பரம்பரை வியாதி எங்க வீட்டுல மட்டும் இல்லீங்க."