வாஷர் போன பூனை

ஒரே வேலையில் பத்து வருடம் இருந்துவிட்டால், உலகத்தில் மற்றதெல்லாமும் தெரிந்துவிட்டதாக மனுஷனுக்கு ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. (வந்து, பூனை வரைக்கும் போனது.)

இருங்காட்டுக்கோட்டையில் கார் பைப்புகளுக்கு லீக் டெஸ்ட் பார்க்கிறவன் நான். ஒரு நாள் எங்கள் பூனை சீனியின் வால் கேட்டில் மாட்டி இழுபட்டது. மறுநாளிலிருந்து அது போன இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம்.

"வாஷர் போயிருக்கு" என்றேன்.

"பூனைக்கு இன்னாய்யா வாஷரு?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

லீக் என்றால் முதலில் லைனை மூடவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைத்தேன். மறுநாளும் சொட்டு நிற்கவில்லை. சீனிதான் சுருண்டு படுத்துவிட்டது.

"தூக்குய்யா ஆஸ்பத்திரிக்கு! இதுக்கு எதுனா ஆச்சு, உனக்கு சோறு கெடியாது."

கால்நடை டாக்டரம்மாவிடம் வாஷர் கதையை முழுசாகச் சொன்னேன், தண்ணீரை நிறுத்திய சாமர்த்தியம் உட்பட. அவர் என் கையைப் பிடித்து சீனியின் வயிற்றில் வைத்தார். உள்ளே கெட்டியாக, ஒரு சாத்துக்குடி.

"சார், இது லீக் இல்ல. மூத்திரப்பை ரொம்பி வழியுது. நரம்பு அடிபட்டதால தானாப் போகத் தெரியல. நீங்க தண்ணியையும் நிறுத்திட்டீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பூனையே இருந்திருக்காது."

அவர் இரண்டு விரலால் மெதுவாக அமுக்கினார். சர்ரென்று வந்தது. சீனி கண்ணை மூடிக்கொண்டது. நான் மெஷின் வைத்துத் தேடுவதை இந்தம்மா விரலில் வைத்திருக்கிறாரே என்று வாய்பிளந்து நின்றேன். அடுத்து என்னை அமுக்கச் சொன்னார். மூத்திரம் நேராக அவர் கோட்டில் பாய்ந்தது.

"பரவால்ல, நீங்க பாஸ்" என்றார். "நரம்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதுவரைக்கும் மாத்திரையோட தினம் மூணு வேளை நீங்கதான் எடுத்து விடணும்."

ஷிப்ட் பார்த்து நானும் ஸ்டெல்லாவும் முறை போட்டுக்கொண்டோம். விரலுக்கடியில் அந்தச் சாத்துக்குடி இளகும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். எந்த சூப்பர்வைசரும் சொல்லாமல் எல்லா உயிருக்குள்ளும் இந்த வேலை நடக்கிறதே!

மூன்றாவது வாரம், கேன்டீனில் சாப்பிடும்போது ஸ்டெல்லாவின் போன்.

"யோவ், தானாப் போயிட்ச்சுய்யா! மண்ணைத் தோண்டி, மூடிட்டும் வந்திட்ச்சு!" அழுதாள். நானும் தட்டைத் தள்ளிவிட்டுத் தேம்பினேன். எதிரே இருந்த சாத்தூர்க்கார சூப்பர்வைசர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையாலே?"

"பொம்பள, சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் லைன் முழுக்கச் சேர்ந்து ஒரு சிவப்பு கவுன் வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் ஸ்டெல்லா அதை எடுத்துக் காட்டுவாள்: "ஒண்ணுக்குப் போனதுக்கே கவுன் வாங்குன பொண்ணு, எங்க வூட்ல மட்டும்தான் கீது."