வண்டி இன்னும் பழகல

“தளும்புதா?”

ஐந்து வருடம் முன்பு பக்தவச்சலம் ஒரு முறை இப்படிக் கேட்டார். புதுக் கார் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி கிருஷ்ணம்மாவின் மடியில் ரசத் தூக்கு. “இல்ல” என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் கேட்டதெல்லாம் உப்பு எங்கே, செருப்பு எங்கே, உனக்கு மூளை எங்கே என்ற வகைக் கேள்விகள்தான்.

இப்போதும் அதே தூக்கு, அதே கடைத்தெரு, அதே சீட். ஓட்டுவது மட்டும் மகன் அனில். பக்தவச்சலம் போய்ப் பதினேழு நாளாகிறது. வண்டி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தானாக மாறியது. பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல ஓர் உலுக்கு. ரசம் புடவையில் கொட்டியது. இடுப்பில் வலி பளிச்சென்று இறங்கியது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் கிருஷ்ணம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியிருந்தது. வியாழக்கிழமைதோறும் கோலாரில் வைத்தியம். பஸ்ஸில் போனால் அந்த வைத்தியம் வீடு வந்து சேர்வதற்குள் வீணாகிவிடும். கார் இருந்தால்தான் அவள் நடமாட முடியும்.

“அப்பா போறப்ப கியர்பாக்ஸயும் கூட்டிக்கினு போயிட்டாரும்மா” என்றான் அனில்.

அவளால் மறுக்க முடியவில்லை. செய்யக்கூடியவர்தான். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இன்ஜின் ஓட்டி, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றியவர் அவர். கேஜ் கீழே போய் நின்றதே தெரியாது என்று அதில் போனவர்கள் சொல்வார்கள். அவர் வீட்டுக்குள் வந்தால் மட்டும் தெருவுக்கே தெரியும்.

இந்தக் காரையும் அவளுக்காகவா வாங்கினார்? தன் முட்டிக்கு கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று சொல்லித்தான் கியர் தானாக மாறும் வண்டியாகப் பார்த்து வாங்கினார். வாங்கி ஒரு மாதம் அவளை ஏற்றவே இல்லை. விடிந்ததும் தனியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டால், “வண்டி இன்னும் பழகல” என்பார். அந்த ஒரு மாதத்தை அவள் மறக்கவில்லை. காரியத்தன்று பிண்டம் வைக்கும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

முதலில் மெக்கானிக் மரியகுழந்தை பார்த்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது என்று மாற்றினார். அதுவரை சத்தமில்லாமல் உலுக்கிக்கொண்டிருந்த வண்டி, அன்று முதல் ‘டொம்’ என்று சொல்லிவிட்டு உலுக்கியது.

அடுத்து பாபு கம்ப்யூட்டரோடு வந்தான். “வண்டிக்கும் ஒரு மூள கீதும்மா. ஓட்டுனவரு பழக்கத்தையெல்லாம் புடிச்சி வச்சிருக்கும். அத அழிச்சிட்டா, தம்பி ஓட்டுறத பாத்துப் புதுசா கத்துக்கும்.”

அழித்தான். வண்டி அனிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தினமும் பெங்களூர் ரயிலைத் துரத்திப் பழகிய கால் அவனுடையது. இரண்டாவது கியரில் மட்டும் உலுக்கிய வண்டி மூன்றாவதிலும் உலுக்க ஆரம்பித்தது.

பிறகு பங்காருப்பேட்டையில் ஒரு பட்டறை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சை மாற்றி, பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். இரண்டு வியாழக்கிழமை போயிற்று. கிருஷ்ணம்மா படுத்தபடியே கூரையில் எத்தனை ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். திரும்பி வந்த வண்டி, தவளைபோல இரண்டு துள்ளு துள்ளி, மனம் வந்தால் ஓடியது, வராவிட்டால் அணைந்தது.

விற்றுவிடுவது என்று அனில் முடிவு செய்தான்.

“அப்பறம் நான் எப்டிடா கோலாருக்குப் போறது?”

“பஸ்லதாம்மா. நின்னுகினு போனா இடுப்புக்கு நல்லதாம். ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு.”

வாங்குவதற்கு மனோகர் என்ற தரகர் வியாழக்கிழமையே வந்தார். வண்டியைக் காட்டினமாதிரியும் ஆச்சு, அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டமாதிரியும் ஆச்சு என்று அனில் அவளையும் பின்சீட்டில் ஏற்றினான். ஓட்டிப் பார்க்கக் காலி ரோடு வேண்டும் என்று மனோகர் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். மேட்டடியில் சில்வியாவின் டீக்கடைக்கு எதிரே வண்டி மூன்று துள்ளு துள்ளி நின்றது.

மனோகர் இறங்கி பானட்டைச் சுற்றி வந்தார். சாவு வீட்டில் நிற்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார். அனில் தலையை ஆட்டினான். கிருஷ்ணம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். இனி இந்தப் பெஞ்சுவரைகூட வர முடியாது என்று நினைத்தாள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த சில்வியா வண்டியை உற்றுப் பார்த்தாள். “இது பக்தா அய்யா வண்டியாச்சே. அவரு வரலியா?”

“செத்துட்டாரு” என்றான் அனில். “சாவுறதுக்கு முன்னாடி கியர நாசம் பண்ணிட்டு.”

சில்வியா டீயைக் கீழே வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்து, முகத்தில் அடித்துக்கொண்டாள்.

“யாருப்பா சொன்னது? வாங்குன அன்னிக்கே இது இப்டித்தான் குதிச்சிது. கம்பெனியில போய் கேட்டாரு. இந்த வண்டியோட சுபாவமே அதுதான்னுட்டாங்க. ஒரு மாசம் தெனம் விடியகாலைல வருவாரு. இந்தச் சொம்ப வாங்கி, விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி, பக்கத்து சீட்டுல வச்சிகினு, கியரு மாறுறப்பல்லாம் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலத் தூக்கித் தூக்கி இந்த மேட்டையே சுத்துவாரு. ஒரு சொட்டு சிந்தாத அன்னிக்கு சொம்பக் குடுத்துட்டு, ‘நாளைக்கு எங்க வூட்டம்மாவ ஏத்தலாம்’ன்னாரு.”

மனோகர் தொண்டையைச் செருமினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மா முந்தானையில் அந்தப் பழைய ரசக் கறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அனில் சில்வியாவின் கையிலிருந்து சொம்பை வாங்கினான். விளிம்பு வரை தண்ணீர் ரொப்பினான். முன்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டைச் சுற்றிப் போனான்.