பிரபஞ்ச முடிவுக்கு முன்பதிவு

ஒரு காட்டில், பள்ளிக்கூடங்களுக்குக் குறைவேயில்லாத ஒரு காட்டில், நெடுவிழி என்னும் தேவாங்கு நடமாடும் கோளரங்கம் நடத்திவந்தது. காற்றடித்து நிறுத்தும் கறுப்புத் துணிக் கூடாரமும் படம் வீசும் கருவியுமே அதன் உடைமை. பிள்ளைகள் உள்ளே தவழ்ந்து சென்று, மல்லாந்து படுத்து, சனிக்கோளின் வளையங்களைக் கண்டு வாய்பிளப்பர்.

எல்லாப் பள்ளிகளிலும் காட்சி நடத்தக் கல்வி அதிகாரி கரடியாரின் அனுமதி வேண்டும். மறுத்துவிட்டால், கூடாரத்தை மடித்து வைத்துவிட்டுப் பழையபடி பூச்சி பிடிக்கப் போகவேண்டியதுதான். கரடியார் மாதிரிக் காட்சி காண ஒரு பள்ளிக்கு வருவதாக இசைந்தார். அன்று காலை, தலைமையாசிரியர் வரையாடு தன் கொம்புயரத்துக்கு ஒரு குத்துவிளக்கை உருட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா, இதை வெளியே வையுங்கள். கூடாரம் துணி; உள்ளே நெருப்பு ஆகாது" என்றது நெடுவிழி.

"வெளியே வெயில். கரடியாரை வெயிலில் நிறுத்தச் சொல்கிறீர்களா? நீங்கள் வானத்தைக் கவனியுங்கள் அம்மா, விழாவை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கரடியார் வந்தார். மாலை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை. பிறகு கூடார வாயிலில் பாதி உடல் சிக்கிக்கொள்ள, ஆசிரியர்கள் பின்னாலிருந்து தள்ளி அவரை உள்ளே சேர்த்தனர். உள்ளே வைத்திருந்த குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றிவிட்டு, கைதட்டலை ஏற்கத் திரும்பியவர் விளக்கை இடித்தார். அது சாய்ந்தது. துணியில் ஒரு பெரிய ஓட்டை. யாரோ குடிநீர்க் குடத்தைக் கவிழ்த்து நெருப்பை அணைத்தார்கள். ஆனால் காற்று போய்விட்டது. வானம் நிதானமாக இறங்கி எல்லோர் தலையிலும் கவிந்தது.

தவழ்ந்து வெளியே வந்த கரடியாரின் மீசை ஒருபுறம் பொசுங்கியிருந்தது.

"என்னய்யா இது?"

வரையாடு குனிந்து வணங்கியது. "பிரபஞ்சத்தின் முடிவு, ஐயா! தங்கள் வருகையை முன்னிட்டுச் சிறப்பு ஏற்பாடு."

கரடியார் சற்றே யோசித்தார். "மெய்யாகவே தலையில் விழுந்தாற்போல் இருந்தது. பேஷ்!"

"ஐயா, பிரபஞ்சம் அவ்வாறு முடியாது" என்றது நெடுவிழி. "அந்த விளக்குதான்…"

"விளக்கு! அது யாருடைய யோசனை?"

"அடியேனுடையது" என்று வரையாடு முந்திக்கொண்டது.

"அனுமதி அளித்தோம். ஆனால் இதே காட்சிதான் எங்கும் நடக்கவேண்டும். எந்தப் பிள்ளையின் தலையும் விடுபடக் கூடாது."

நெடுவிழி கிழிசலைத் தைத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குச் சென்றது. வாசலிலேயே தலைமையாசிரியை முள்ளம்பன்றி, எண்ணெய் நிரம்பிய விளக்கோடு காத்திருந்தது.

"முதலில் சனிக்கோளைக் காட்டட்டுமா?" என்று கேட்டது நெடுவிழி.

"அதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நேரே முடிவுக்கு வாருங்கள். பெற்றோரும் வந்திருக்கிறார்கள்."

நெடுவிழி கூடாரத்தைப் பார்த்தது. பூச்சிகளையும் எண்ணிப் பார்த்தது. பிறகு தீப்பெட்டியை எடுத்து நீட்டியது.

நீதி: வானத்தை விளக்கிக் காட்டுபவர் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டும், அதை அதிகாரியின் தலையிலேயே கவிழ்த்துவிடுபவருக்கு அனுமதி அன்றே கிடைக்கும்.