பக்கவாட்டில் திறக்கும் போன்

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே சமயத்தில் புதுப் போன் வாங்கக் கூடாது. வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் ஒரே மாதிரிப் போனாக வாங்கித் தொலைக்க வேண்டும். இந்தச் சிறிய உண்மை தெரியாததால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் உட்கார்ந்து, எனக்கு நானே கேடு வேண்டி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். கண்களிலிருந்து தாரை தாரையாக நீர். (பக்தியால் அல்ல. மிளகாய் நல்ல ஜாதி.)

பொருளைப் பறிகொடுத்தவர்களும் அநியாயத்துக்கு ஆளானவர்களும் அங்கே போய், வர மிளகாயை அரைத்து, அம்மனிடம் நியாயம் கேட்டுக் கல்லில் பூசிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். தப்புச் செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. தப்புச் செய்தவனே வந்து அரைத்துக் கொடுப்பது வழக்கமில்லை.

விஷயம் தொடங்கியது போனில். தொடுதிரை எல்லாம் வராத காலம். போனில் என்ன பேசுகிறோம் என்பதைவிட, அதை எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் ஒரு மனிதனின் அந்தஸ்து இருந்தது. என்னுடையது பக்கவாட்டில் திறக்கும். ஒரு தள்ளுத் தள்ளினால் ‘சடக்’ என்று அடியிலிருந்து முழு விசைப்பலகையே வெளியே வரும். பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த எனக்கு, பாக்கெட்டிலேயே ஆபீசைத் தூக்கிக்கொண்டு திரிவதாக நினைப்பு.

என் சகலை குமரேசன், அதாவது என் மனைவி சாந்தியின் தங்கை கணவர், பொள்ளாச்சியில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் போன் மேல்நோக்கித் திறக்கும். உள்ளே வெறும் எண்கள்தான். தாராபுரம் பக்கத்தில் இருக்கும் மாமனார் தோட்டத்துக்கு நாங்கள் இருவரும் போகிற நாளெல்லாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பட்டிமன்றம் நடக்கும்.

“உங்க போனு சோப்பு டப்பாவாட்டம் இருக்குதுங்கண்ணா” என்று ஆரம்பிப்பார் குமரேசன்.

“உன் போன்ல ‘சரி’ன்னு அடிச்சு முடிக்கறதுக்குள்ள, கேட்டவன் வேற ஆளைப் பாத்துக்குவான்.”

“நான் எதுக்குங்க அடிக்கோணும்? மேல தள்ளுனாப் பேச்சு, கீழ தள்ளுனா முடிஞ்சுது. ஒத்தைக் கட்டைவிரல் போதுமுங்க. உங்களுதுக்கு ரெண்டு கையும் வேணும். வண்டியில போறப்ப யாராச்சும் கூப்பிட்டா நேராப் பள்ளத்துலதான்.”

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். “ஏனுங் மாப்பிள்ளைங்களா, ரெண்டு பேருத்தையும் கூப்புடறதுக்கு ஆளு யாராச்சும் இருக்கறாங்களா?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்.

அந்த வருடம் அவர் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டார். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம். நாம் எங்கிருந்தாலும் அந்த எண்ணைக் கூப்பிட்டு ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். மூன்றை அமுக்கினால் நிற்கும். சொன்னதைச் செய்ததும் ‘கீங்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். மூன்று பேர் எண்ணுக்குத்தான் அது கட்டுப்படும்: மாமனார், நான், குமரேசன்.

பிறகு கோவையில் ஒரு கல்யாணம் வந்தது. மாமனார் தாய்மாமன்; மேடையை விட்டு இறங்க முடியாது. ஆனால் மோட்டார் ஓடத் தேவையான மூன்று ஃபேஸ் கரண்ட் முகூர்த்த நேரத்தில்தான் வரும். மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் தண்ணீர் வழிந்து, பக்கத்திலேயே இருக்கும் மாமனாரின் வயலுக்குள் போய்விடும். அங்கேதான் பிடுங்கிய சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடத்து வெள்ளாமை மொத்தமும் அதுதான்.

“யாராவது ஒருத்தரு பாத்துக்குங்க” என்றார் மாமனார்.

“எங்கிட்ட விட்டுருங்க மாமா. அதுக்கெல்லாம் இந்த மாதிரி போன்தான் சரி” என்றேன். (குமரேசன் சிரித்தது அப்போதே கேட்டது. கவனித்திருக்கலாம்.)

மண்டபத்தில் பத்துப் பேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு ‘சடக்’ என்று திறந்தேன். என் போனில் எண்கள் எழுத்துக்களின் தலைமேல் குட்டியாக அச்சடித்திருக்கும். எண் வேண்டுமென்றால் ஓரத்திலிருக்கும் நீலப் பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினேன். ஸ்பீக்கரில் ‘கீங்’ என்றது. தாராபுரத்தில் மோட்டார் ஓடுகிறது!

“அடேயப்பா! இங்கிருந்தேங்களா?” என்றார் ஒரு பெரியம்மா. நாட்டை வல்லரசாக்கிய விஞ்ஞானி போலத் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

தொட்டி நிறையும் நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை போனைப் பார்க்கவில்லை. பெரியம்மா பார்க்கிறாரா என்று பார்த்தேன். மூன்று இருக்கிற பொத்தானை அமுக்கினேன். சரியாக அந்த நேரம் கெட்டிமேளம். ‘கீங்’ கேட்டதா? கேட்டிருக்கும். போனை ஒயிலாக மூடிவிட்டு, அட்சதையைத் தூவிவிட்டு, முதல் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.

பொழுதோடு தோட்டத்துக்குத் திரும்பினோம். வெங்காயக் காட்டில் கணுக்காலளவு தண்ணீர். நடுவில் வெங்காயம் வாத்துக் குஞ்சுகளைப் போல மிதந்துகொண்டிருந்தது. கரண்ட் போகும்வரை மோட்டார் ஓடியிருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

குமரேசன் என் காதருகே வந்தார். “அண்ணா, நீலப் பொத்தானை அமுக்குனீங்களா?”

அமுக்கவில்லை. நான் மோட்டாருக்குச் சொன்னது மூன்று அல்ல. ஓர் ஆங்கில எழுத்து. மோட்டாருக்கு ஆங்கிலம் தெரியாது.

வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் மாமனார் சொன்னார்: “மாப்பிள்ளை நிறுத்துனதை மேடையில இருந்து நானே பாத்தனுங்க. அப்பறம் யாரோ வந்து மோட்டாரைக் கையில போட்டுவுட்டுருக்கறாங்க. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் வாய்க்காத் தகராறுல இருந்து மூஞ்சி குடுத்தே பேசறதில்லை. கண்ணாலத்துக்கும் வரலை. நான் யாரையும் கேக்கப் போறதில்லை. ஆத்தா கேட்டுக்கட்டும்.”

அவ்வளவு நம்பிக்கையை ஒரு மனிதர் நம்மீது வைத்தால், அதை உடைக்க மனம் வருமா? (வராது. அதற்குப் பெயர் கோழைத்தனம்.)

இப்படியாக ஆனைமலை. குமரேசன் கடையை அடைத்துவிட்டு, கூப்பிடாமலே வந்திருந்தார். மிளகாயைக் கையில் எடுத்த அத்தையைத் தடுத்தவரும் அவர்தான். “உங்களுக்கு எதுக்குங்கத்தை சிரமம்? அண்ணன் அரைக்கட்டும். மூத்த மாப்பிள்ளை கையால அரைச்சா ஒடனே பலிக்குமுங்க.”

அரைத்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். “ஆத்தா, தண்ணிய வுட்டவன் எவனா இருந்தாலும், அவன் கை வெளங்கக் கூடாது.”

என் கை குழவியின் மேல் அப்படியே நின்றது.

“கையோட வுட்டாப் பத்துங்களா?” என்றார் அத்தை. “அவன் பொண்டாட்டி கண்ணுல தண்ணி நிக்கக் கூடாது.”

“அவன் குடும்பமே வெளங்கக் கூடாது ஆத்தா!” என்று மனமுருகச் சேர்ந்துகொண்டது சாந்தி. எங்களுக்கு அப்போது மகள் பிறந்து ஆறு மாதம்.

“குடும்பம் எல்லாம் வேண்டாமே” என்றேன் மெதுவாக.

“ஏன்?” என்றார் அத்தை.

“பாவம், பொண்டாட்டி என்ன பண்ணுவா? ஒரு ரெண்டு நாள் காய்ச்சலோட விட்டுடலாம். அதுவும் லேசா.”

“லேசாவா! ஒரு வருச வெள்ளாமைங்க!”

“சரி, காய்ச்சலோட ஒரு பல்வலி.”

சாந்தி என்னை உற்றுப் பார்த்தது. மூக்கிலும் கண்ணிலும் வழிய, ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காகத் தண்டனையில் பேரம் பேசும் கணவன். “ஏனுங்க, ஆருன்னே தெரியாதவனுக்கு எதுக்குங்க இத்தனை பரியறீங்க?”

குமரேசனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டார். நான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, மிளகாய்க் கையோடு ‘சடக்’ என்று திறந்து, நீலப் பொத்தானைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரின் ஆங்கில அறிவு பற்றி ஒரு நகைச்சுவையும் சொல்லிப்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சாந்தி சட்டென்று அம்மன் பக்கம் திரும்பி, “ஆத்தா, நான் சொன்னதெல்லாம் வாபஸ்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மாமனார், “வெங்காயம் போனாப் போச்சாதுங்க மாப்பிள்ளை. ஒண்ணுந் தெரியாத சென்னியப்பனுக்கு மொளகா அரைக்க வந்தம் பாருங்க, அதுதான் வெசனமா இருக்குது” என்றார். எனக்கு அப்போது வந்த கண்ணீருக்கு மிளகாய் காரணமில்லை.

“இப்ப இந்த அரைச்ச மொளகாய என்னுங்க பண்றது?” என்றார் அத்தை. “ஆத்தாளுக்குன்னு அரைச்சதை ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போறதுங்களா?”

மாமனார் என் போனைப் பார்த்தார். விழுதை வழித்தெடுத்துப் போய்ப் பூசினார். “ஆத்தா, இந்தத் தள்ளற போனைக் கண்டுபுடிச்சவன் எந்த ஊருக்காரன்னு எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஒண்ணும் ஆக வேண்டாம். இந்தப் போனு மட்டும் ஒலகத்துல இருக்கக் கூடாது.”

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சில வருடங்களில், தள்ளித் திறக்கும் போன் என்ற இனமே கடைகளில் இல்லாமல் போனது. தொடுதிரை வந்ததுதான் காரணம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் நம்புவதில்லை. குமரேசனுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை: “பக்கவாட்டுல தள்ளறதுன்னு வெவரமாச் சொல்லியிருக்கலாமுங்க மாமா. மேல தள்ளறதும் சேந்தல்ல போச்சு!”

போன நோம்பி விருந்துக்கு எல்லோரும் தோட்டத்தில் கூடியிருந்தோம். இலை போட்டாயிற்று. என் மகளும் குமரேசனின் பையன்கள் இருவரும் ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஒருவரும் நிமிரவில்லை.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு நாளைக்கு லீவு தானுங்க?” என்று கேட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

“அம்மணி சாந்தி, ஊட்டுல மொளகா எத்தனை கெடக்குது பாரு!”