கள்ளன் கைவிட்ட பிக்கப்

ரொறன்ரோவில் ஒரு மனிதரையாவது குழப்பாமல் ஒரு நாளைக் கழிக்கத் தெரியாதவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஸ்காபரோத் தெருவின் பிக்கப் அண்ணைதான். அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது வரித் திணைக்களத்துக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

பிக்கப் என்றதும் இங்கே எல்லோரும் வைத்திருக்கிற வீட்டளவு ட்ரக்கை நினைக்கவேண்டாம். அது எண்பதுகளில் யப்பானில் செய்த குட்டி வண்டி. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். பதினைந்து வயது தாண்டிய வாகனத்தை வெளியிலிருந்து கனடாவுக்கு இறக்கலாம் என்றொரு சட்டம் இருக்கிறது. பிறம்ரன் நகரில் ஒரு பொருட்கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணை அதை எங்கேயோ கேள்விப்பட்டு, கப்பலில் வரவழைத்துவிட்டார். யப்பான் வண்டி என்பதால் ஸ்டியரிங் வலப்பக்கம். எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

நான் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பிலிருந்து ஸ்காபரோவுக்கு வீடு மாறிய நாளில்தான் அதை முதலில் கண்டேன். சாமான் ஏற்ற ஓர் அண்ணை வருவார் என்று நண்பர் சொல்லியிருந்தார். வாசலில் நிற்கிறேன். ஒரு பிக்கப் வளைந்து வருகிறது. கனடாவில் டிரைவர் இருக்கவேண்டிய இடப்பக்கத்தில் ஓர் அன்ரி கண்ணை மூடி, வாயைத் திறந்து, நல்ல நித்திரை. நான் பாய்ந்துபோய்க் கண்ணாடியில் அடித்தேன்.

"அன்ரி! எழும்புங்கோ! பிறேக்கை அமத்துங்கோ!"

அன்ரி பதறி எழும்பி, "ஐயோ, எங்க பிறேக்?" என்று இரண்டு காலாலும் தேடினா.

மற்றப் பக்கத்திலிருந்து ஒரு மொட்டைத்தலை எட்டிப் பார்த்தது. "தம்பி, அவவை விடும். அவ கோப்பி வாங்க வந்தவ."

அந்தப் பதில் விளங்க எனக்குக் கனநாள் எடுத்தது. வண்டியில் இருந்தபடியே கோப்பி வாங்குகிற டிறைவ்-துறூவில் யன்னல் எப்போதும் இடப்பக்கம். அண்ணை இருப்பதோ வலப்பக்கம். ஆகவே கோப்பி வாங்கிக் கொடுக்க இடப்பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆள் அகப்படாத நாளில் அவர் கோப்பியை விட்டுவிடவில்லை. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே அந்தப் பாதைக்குள் ஏற்றினார். பின்னால் வந்த கார்காரர் அண்ணையோடு முகத்துக்கு முகம் பார்த்தபடி திகைத்துப்போய் இருந்தார்.

"சேர், யூ ஆர் பேக்வேர்ட்ஸ்," என்றாள் கோப்பிக்காரப் பெண்.

"நோ, நோ. ஐ ஆம் கறெக்ட். யுவர் வின்டோ றோங்," என்றார் அண்ணை.

கோப்பி கிடைத்தது.

ஒருநாள் இடப்பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டு கையாலும் மரக்கறி றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பொலிஸ் மறித்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டுகிறவனைப் பிடித்துவிட்ட சந்தோசத்தோடு என்னிடம் லைசென்ஸ் கேட்டார்கள். "நான் ஓட்டேல்ல" என்றேன். "அப்ப ஆர் ஓட்டுறது?" என்று அந்த அதிகாரி ஆங்கிலத்தில் கேட்ட தொனியில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அண்ணை இறங்கி வந்து, விளக்கம் சொல்லப் புறப்பட்டு, கோழியில் ஆரம்பித்தார்.

"முந்தி அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பாக்காரன் வரி போட்டவன். அந்தக் கோவத்தில அமெரிக்கன் வெளிநாட்டுப் பிக்கப்புக்கு வரி போட்டவன். யப்பான்காரன் என்ன செய்தவன்? பின்தட்டைக் கழட்டிப்போட்டு, 'இது பிக்கப்பே இல்லை' எண்டு அனுப்பினவன். தட்டை அமெரிக்காவில வைச்சுப் பூட்டினவங்கள்."

இதை அவர் தன்னுடைய ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி என்னைப் பார்த்தார், நான் றோல்ஸைப் பார்த்தேன். கோழிக்கும் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

"உதில அப்படி என்ன இருக்கு, அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இப்ப வாற ட்ரக்குகளில மூட்டை ஏத்த ஏணி வேணும். இது இடுப்பளவு. போனட்டைத் திறந்து பாரும், எஞ்சினுக்குப் பக்கத்தால நிலம் தெரியும். நிலம் தெரிஞ்சால் மனிசன் கை விட்டுத் திருத்தலாம்."

பிறகு கார்க் கள்ளர் எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். எதிர்வீட்டு அங்கிளின் புதுக் கார் போய்விட்டது. பிக்கப்பின் இடப்பக்கக் கதவையும் உடைத்திருந்தார்கள். ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கார் பறிகொடுத்த அங்கிளை ஆறுதல்படுத்தப் போனவர்கள், அண்ணையைத்தான் ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது.

"என்ர வண்டியில என்ன குறை கண்டவங்கள்?"

"அங்கிள், தே குடின்ட் ஃபைண்ட் த ஸ்டியரிங்," என்றாள் எதிர்வீட்டு அங்கிளின் மகள், அண்ணையைப் பார்த்து.

அண்ணை சிரிக்கவில்லை. அவருக்கு அது மானப் பிரச்சினை.

சில மாதம் கழித்து ஒரு காலை, வண்டியைக் காணவில்லை. அண்ணை வாசல் படியில் உடுத்த சாரத்தோடு இருந்தார். முகம் வெளுத்திருந்தது. "முதல் தேடுவம், பிறகு பொலிசுக்குப் போன் அடிப்பம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் புறப்பட்டோம். நானும் எதிர்வீட்டு அங்கிளும் மார்க்கம் வீதிப் பக்கம் போனோம். தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவில், மீன்கடை வாசலுக்கு நேரே, பிக்கப் அமைதியாக நின்றது.

"உது நேற்றுப் பின்னேரத்தில இருந்து உதிலதான் நிக்குது," என்றா மீன்கடை அன்ரி. "அண்ணை மீனை வாங்கிக்கொண்டு பஸ்ஸில ஏறிப் போனவர். நான் கையும் காட்டினனான்."

உள்ளே எட்டிப் பார்த்தால், சாவி அதிலேயே தொங்கியது. கோழி வரிவரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற மனிதர். வண்டியில் வந்ததை எப்படி மறந்தார்? போன மாதம் அவர் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதைப் பகிடி என்று நினைத்திருந்தேன்.

"கள்ளன் கொண்டுபோய் விட்டதெண்டு சொல்லுவம்," என்றார் அங்கிள். தன் காரைக் கடைசிவரை கண்டுபிடிக்காத மனிதர் அவர்.

வண்டி தெருவுக்குள் திரும்பியதும் அண்ணை சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கதவைத் திறந்தார், கிளச்சை மிதித்தார், கியரை ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு கீறல் இல்லை. கியரையும் அரைக்கேல்ல. கெட்டிக்காரக் கள்ளன், தம்பி!"

"ஓம் அண்ணை. பழகின கை," என்றேன்.

அந்தக் கள்ளனை அவர் இன்றைக்கும் புகழுகிறார். ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை. அவர் கடைக்குப் புறப்பட்டால், தெருவில் யாராவது ஒருவருக்கு அந்த நேரம் பார்த்துக் கூடவே போய் வாங்க மீன் தேவைப்படுகிறது. வியாழக்கிழமைகளில் எனக்குத் தேவைப்படுகிறது.

நான் சைவம்.