கை நனைக்கும் முன்

கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது.

குழந்தைவேல் மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவை லேசாகத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் தளும்பியது. அதில் பாலிதீன் உறைக்குள் அவருடைய இன்சுலின் பேனா மிதந்துகொண்டிருந்தது. வெளியே கத்திரி வெயில். வாடகைக் காரில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

"ஏசிக்கு இன்னாப்பா ஆச்சு?"

"நேத்து வரிக்கும் ஓடிச்சுண்ணே," என்றான் டிரைவர் ஆபித். "கண்ணாடிய எறக்கி வுடுங்க, காத்து வரும்."

இறக்கினார். அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி காற்று வந்தது. அவர் மறுபடி ஏற்றிவிட்டார்.

"சூடாயிடிச்சா?" என்று மனைவி மஞ்சுளா காதோரம் கேட்டாள்.

"இன்னும் இல்ல. ஆவப் போவுது."

"சூடு பட்டா மருந்து செத்துடும்னு நர்ஸ் சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க. மெதுவா பேசு, ஆபித்துக்குக் கேக்கும்."

செலியமேட்டில் கரும்பு போடுகிற குழந்தைவேலுக்குச் சர்க்கரை இருப்பது பரம ரகசியம். கரும்புக்காரனுக்கே சர்க்கரையா என்று ஊர் சிரிக்கும் என்பதற்காக மட்டுமல்ல. மகள் வெண்ணிலாவுக்கு முதலில் வந்த திருபுவனை வரன், எப்படியோ மோப்பம் பிடித்து, "அப்பனுக்கு ஊசின்னா நாளைக்குப் பொண்ணுக்கும் ஊசிதானே" என்று சொல்லி நழுவிக்கொண்டது. அன்று வெண்ணிலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் இன்னும் அவருக்குள் இருந்தது.

இப்போது வந்திருப்பது சுத்துக்கேணி வரன். பையன் பெயர் கலைவேந்தன். வெண்ணிலா அவன் போட்டோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் போனிலிருந்து அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். பெற்றவர்களுக்கு அது போதாதா?

"சொல்லிட்டே பேசுங்கப்பா," என்று கிளம்பும்போதுகூடச் சொன்னாள்.

"அதெல்லாம் தாலி ஏறட்டும், பாத்துக்கலாம்," என்றார் குழந்தைவேல்.

இன்று மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள். வீடு பிடித்திருந்தால் அங்கே கை நனைக்க வேண்டும். காபி, பலகாரமெல்லாம் கணக்கில் வராது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி, யாரும் யாரையும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சாப்பிட வேண்டுமென்றால் அதற்கு முன் அந்தப் பேனாவால் ஊசி போட்டாக வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் ஊசி போடாமல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தோடு எழுந்து, ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஊருக்கு வெறும் மயக்கம் என்று சொல்லிவைத்தார்கள்.

உறுவையாற்றில் சாலையோரம் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

"ஆபித், நிறுத்து. கொஞ்சம் ஐஸ் வாங்கணும். தல வலிக்குது."

ஐஸ் கிடைத்தது. கூடவே சங்கரா மீனின் வாசமும் இலவசமாகக் கிடைத்தது. டப்பாவில் கொட்டி, பேனாவை அதற்குள் சொருகினார்.

"அய்யய்யோ, ஐஸுக்குள்ளயே வெக்கிறீங்களே," என்றாள் மஞ்சுளா. "ஒறஞ்சாலும் செத்துடும்னாங்களே."

"சூடு பட்டாலும் சாவும், குளுரு பட்டாலும் சாவும். இன்னாடி மருந்து இது?"

பேனாவை அவசரமாக வெளியே எடுத்தார். ஐஸ் தண்ணீரில் துண்டை முக்கி, அதில் பேனாவைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது நல்ல யோசனைதான். வில்லியனூர் வருவதற்குள் பேனா குளுமையாக இருந்தது. சலவை வேட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

மஞ்சுளா வேட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பிடியே போய் எறங்குனீங்கன்னா சக்கரைன்னு சொல்லவே வாணாம். அவங்களே புரிஞ்சிப்பாங்க."

வில்லியனூர் பூக்கடையில்தான் அவளுக்கு அந்த எண்ணம் உதித்தது. தட்டில் வைக்க எப்படியும் மல்லிகை வாங்க வேண்டும். பூக்காரர் ஈரச் சாக்கிலிருந்து எடுத்து வாழையிலையில் கட்டித் தருவார், சில்லென்று இருக்கும். பேனாவை உறையோடு நடுவில் வைத்து, மேலே பூவைச் சுருட்டிக் கட்டினாள். சூடும் இல்லை, உறையவும் உறையாது, மீன் நாற்றமும் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்குப் பூ வைத்துக்கொள்வது போலப் பொட்டலத்தைப் பிரித்து எடுத்துவிடலாம்.

"உன்ன மாதிரி மூள எனக்கில்ல," என்றார் குழந்தைவேல். மனதாரத்தான் சொன்னார்.

சுத்துக்கேணியில் வாசலிலேயே மாப்பிள்ளையின் அம்மா கனகாம்பாள் நின்றிருந்தாள். மஞ்சுளா தட்டை இறக்கி வைக்க இடம் தேடுவதற்குள், அந்த அம்மாள் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. அடடா, பூ வாடிடப் போவுது. காசம்மா, இத பிரிட்ஜுல வையி."

தோட்டத்து அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த காசம்மாள் வந்தாள். அந்த வீட்டில் ரொம்ப நாளாக வேலை செய்பவள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மஞ்சுளாவின் கை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா ராஜ்மோகன் எழுந்து கும்பிட்டார். வெளுத்த சட்டை, பெரிய மீசை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மைசூர்பாகுத் தட்டு வந்தது.

"எடுத்துக்கங்கண்ணே. எங்க வூட்ல சக்கரை கிக்கரை யாருக்கும் கெடையாது. எல்லாம் வயக்காட்டு ஒடம்பு."

குழந்தைவேல் மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்தார். வந்ததும் வராததுமாக இந்தப் பேச்சு எதற்கு? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க பக்கமும் அப்பிடித்தாங்க," என்றார். "சக்கரைன்னா எங்களுக்குக் கரும்பு ஆலைதான் தெரியும்."

சொன்ன வாய்க்கு ஆதாரம் வேண்டுமே. ஒரு மைசூர்பாகை எடுத்து ஓரத்தைக் கடித்தார். ராஜ்மோகனும் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தார். அப்புறம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ராஜ்மோகனுக்கு மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்தது.

அப்போதுதான் கலைவேந்தன் வந்தான். குழந்தைவேலின் வேட்டியைப் பார்த்தான். சிரிக்கவில்லை, கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு புது வேட்டியைக் கொண்டுவந்து, யாருக்கும் கேட்காத குரலில், "வழியில தண்ணி கொட்டிடிச்சு போல, மாத்திக்கங்க மாமா," என்றான்.

குழந்தைவேல் வேட்டியை வாங்கிக்கொண்டார். இந்தப் பையனை விடக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

"இலை போட்டுடலாமாண்ணே?" என்று கனகாம்பாள் தயங்கிக் கேட்டாள். "கை நனைச்சிட்டுப் போவீங்கல்ல?"

"அதுக்குத்தானே வந்திருக்கோம்."

ராஜ்மோகன் முகம் மலர்ந்தது. "தோ, உள்ள போய்ட்டு வந்துடறேன்," என்று எழுந்தார். கனகாம்பாள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வேட்டி மாற்றப் போகிற சாக்கில் குழந்தைவேல் சமையலறைப் பக்கம் ஒதுங்கினார். பிரிட்ஜ் மூலையில் இருந்தது. கைப்பிடியைத் தொடுவதற்குள் பின்னால் கொலுசுச் சத்தம் ஓடிவந்தது.

"அண்ணே, அதத் தொடாதீங்க. ஷாக் அடிக்கும்."

"கொஞ்சம் ஜில்லுனு தண்ணி..."

"பானத் தண்ணி கீது, நான் மொண்டு தரேன்."

"காசம்மா இப்பத்தான் தொறந்தாங்களே?"

"அவளுக்கு அடிக்காது, பழகிடிச்சு," என்ற கனகாம்பாள் பிரிட்ஜின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். சாய்ந்து நிற்கிற இவளுக்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. செம்புத் தண்ணீரைக் குடித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு திரும்பினார்.

அடுத்து மஞ்சுளா முயன்றாள்.

"கனகாக்கா, கொஞ்சம் பூ வெச்சிக்கிறேனே. பிரிட்ஜ்லேருந்து நானே எடுத்துக்கட்டுமா?"

"நீங்க எதுக்கு? நானே பிரிச்சிக் கிள்ளி எடுத்தாரேன்."

பிரித்தால் நடுவிலிருந்து பேனா விழும்.

"வேணாம், வேணாம். எனக்குப் பூவே வேணாம்," என்றாள் மஞ்சுளா.

கனகாம்பாளின் முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தம் பேச வந்த வீட்டில் சுமங்கலி பூ வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அவள் ராஜ்மோகனைப் பார்க்க, அவர் மகனைப் பார்க்க, அவன் தரையைப் பார்த்தான். வீடு பிடிக்கவில்லை என்றுதான் மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

"அவளுக்கு மல்லிப்பூ வாசம் பட்டா தல வலிக்கும்," என்று குழந்தைவேல் சமாளித்தார். மல்லிகையை வாங்கி வந்ததே அவள்தான் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இலை போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் குழந்தைவேல், எதிரே ராஜ்மோகன். சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு, வடை, கிண்ணம் நிறையப் பாயசம். மஞ்சுளா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடுங்கண்ணே," என்றாள் கனகாம்பாள்.

"மொதல்ல அவரு ஆரம்பிக்கட்டும்."

"விருந்தாளி இருக்க நான் எப்பிடி?" என்றார் ராஜ்மோகன். அவரும் இலையில் கை வைக்கவில்லை.

"வயசுல நீங்க மூத்தவரு."

"பொண்ணு வூட்டுக்காரங்க கை நனைக்கிறதுதாங்க மொற."

சாம்பாரிலிருந்து எழுந்த ஆவி மெல்ல அடங்கியது. கலைவேந்தன் தொங்கிய முகத்தோடு மோர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் அது மறுப்பாகிவிடும். இந்தப் பையனும் போய்விடுவான். வெண்ணிலா மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆம்புலன்ஸ் வந்தால் வரட்டும் என்று குழந்தைவேல் துணிந்தார். மஞ்சுளா கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்காமல் சாதத்தைப் பிசையக் கையை நீட்டினார். அவர் நீட்டியதைப் பார்த்து ராஜ்மோகனும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார்.

அப்போது காசம்மாள் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, ராஜ்மோகனின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, ஊசி போட்டுக்காம சோத்துல கை வெச்சிடாதீங்க, எடுத்தாரலாம்னு பிரிட்ஜத் தொறந்தா முட்டைக்குப் பின்னால ஒண்ணு, பூப்பொட்டலத்துக்குள்ள ஒண்ணுன்னு ரெண்டு சக்கரை ஊசி கீது, இதுல உங்களுது எதுங்க?"