ஓடிபி அக்கா சொல்ல மாட்டார்

எங்கள் பல்கலைக்கழகத்தை நடத்துவது துணைவேந்தர் என்று வெளியே இருப்பவர்கள் நம்புகிறார்கள். நம்பட்டும். நான் சேர்ந்த காலத்தில் அதை நடத்தியது மாட்டுங்கா தலைமை நூலகத்தில் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்த ஓர் அக்காவின் கைப்பேசி. கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்டு சுற்றிய கைப்பேசி.

மாட்டுங்கா, செம்பூர், உல்லாஸ்நகர் என்று எங்களுக்கு மூன்று வளாகங்கள், மூன்று நூலகங்கள். அவற்றின் கணினிகளும் இணையமும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒப்பந்த வேலைதான். மூன்றையும் ஒரே மென்பொருளில் இணைத்துக் காட்டினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. திலக் நகரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளை விட்டுவிட்டு, பால் பாட்டிலை வைத்தேனா, மூடியை வைத்தேனா என்று யோசித்தபடியே ரயில் ஏறுவேன்.

இணைப்பு வேலைக்காக நூலக மென்பொருளின் கணக்குக்குள் நுழையப் போனால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. யாருடைய எண்? விசாரித்தேன். கணக்குத் தொடங்கிய அன்று அதிகாரியின் போனில் சார்ஜ் இல்லையாம். பக்கத்தில் நின்ற அக்காவின் எண்ணைக் கொடுத்தாராம். பிறகு அதிகாரி ஓய்வு பெற்றார். அக்காவின் எண் ஓய்வு பெறவில்லை.

போன் செய்தேன்.

"அக்கா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"சொல்லுங்க."

"மாட்டேன்."

"ஏன்க்கா?"

"யாருக்கும் சொல்லாதன்னு போட்டிருக்கான்லா. இங்கிலீஷ்ல போட்டிருக்கான், இந்தியிலயும் போட்டிருக்கான். ரெண்டு பாஷையில ஒருத்தன் கெஞ்சுதான். அவன்ட்ட போயி நான் சொல்லிட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

"அது திருடங்களுக்காகக்கா."

"நீ திருடி இல்லன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

போனை வைத்துவிட்டேன்.

தாராவியில் பிறந்து வளர்ந்த அக்காவின் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. கொள்கையில் கருங்கல். எண்ணைச் சொல்ல மாட்டார். நேரில் வந்து அவரே அடிப்பார். செம்பூருக்கு ஓடிபி வேண்டுமா? டிபன் பையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அக்கா கிளம்பி வருவார். வந்து சேர்வதற்குள் எண் காலாவதியாகிவிடும். வேறு எண் கேட்போம். வந்ததும் எல்லாரும் திரும்பி நிற்க வேண்டும். அக்கா முந்தானையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தேடி அடிப்பார். ஒருமுறை எங்கள் தலைமை நூலகர், இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய மராட்டியர், தெரியாத்தனமாகத் தலையைத் திருப்பிவிட்டார்.

"ஸாப்! உதர் தேக்கோ!"

பாவம், அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னதும் அவர் தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசிக்க வந்திருந்த மாணவர்களும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்கள். தேசியகீதத்துக்குக்கூட அந்த நூலகத்தில் அப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

எண்ணை மாற்றச் சொல்லிக் கணினித் துறைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பினால் அக்கா மனம் நோகுமோ என்று அழித்தேன். அனுப்பாவிட்டால் என் வேலை போகுமே என்று மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியே விட்டேன். எண்ணை மாற்றலாம், ஆனால் அதை உறுதி செய்யப் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி வரும் என்று பதில் வந்தது.

இணைப்பு நாள் வந்தது. மாட்டுங்கா முடிந்தது, செம்பூர் முடிந்தது. அக்கா கூடவே வந்து கூடவே அடித்தார். கடைசி உல்லாஸ்நகர். நான் முன்னால் போய்க் கணினிகளைத் தயார் செய்வது, மாட்டுங்காவில் வேலை முடிந்ததும் அக்கா பின்னால் வருவது என்று ஏற்பாடு. நான் போய்ச் சேர்ந்ததும் மழை கொட்டியது. தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் நின்றுவிட்டது. அன்று மாலைக்குள் இணைத்தாக வேண்டும். மறுநாள் காலையில் இணைப்பைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறது.

அப்போதுதான் காப்பகத்திலிருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். கணவர் புனேயில். நான் உல்லாஸ்நகரில், ஓடாத ரயிலுக்கு இந்தப் பக்கம். யாரைக் கூப்பிடுவது? தாய்க்கு வேலை எதற்கு என்று என் மாமியார் கேட்ட கேள்வி அந்த நேரம் பார்த்துக் காதில் ஒலித்தது. விரல் தானாக அக்காவின் எண்ணைத்தான் அழுத்தியது.

"ஏட்டி, அழாத. காப்பகம் எங்க இருக்குன்னு சொல்லு. டாக்ஸி பிடிச்சிட்டேன்."

அழைத்தது சரியா, பழக்கமில்லாத முகத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். மறுபடி போன்.

"ஏட்டி, இவ பிள்ளையத் தர மாட்டேங்கா. ஏதோ நம்பர் கேக்கா."

தாய் தந்தை அல்லாதவர் வந்தால் தாயின் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். வந்தவர் அதைச் சொன்னால்தான் பிள்ளையைத் தருவார்கள். காப்பகத்தின் விதி அது. என் திரையில் அந்த எண் வந்து நின்றது.

"எனக்கு வந்திருக்குக்கா. சொல்றேன், கேளுங்க."

"சொல்லாத! யாருக்கும் சொல்லாதன்னு போட்டிருக்கும்லா!"

"பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா!" என்று கத்தினேன். உல்லாஸ்நகர் நூலகமே திரும்பிப் பார்த்தது.

போனில் பின்னால் என் மகளின் அழுகை கேட்டது. பல்கலைக்கழகம் முழுவதும் சேர்ந்து அசைக்க முடியாத கருங்கல் அந்த அழுகைக்கு அசைந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"சரி, சொல்லு. மெதுவாச் சொல்லு. இந்தப் பொம்பளைக்குக் கேட்டுரப்பிடாது."

"அவங்ககிட்ட சொல்லத்தானேக்கா!"

சொன்னேன். அக்கா சொன்னார். கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை மிக அருகில் கேட்டது, அக்காவின் தோளிலிருந்து.

"பிள்ளைய வாங்கிட்டேன். டாக்டர்ட்ட போறோம். உனக்கு அங்க நம்பர் வேணும்லா? அனுப்பச் சொல்லு."

"அக்கா, நீங்கதான் சொல்ல மாட்டீங்களே."

"ஒன் நம்பர நான் கேட்டுட்டேன். என் நம்பர நீ கேட்டுக்க. கணக்கு சரியாப் போச்சு. ஆனா ஒண்ணு, எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லு."

நிற்கச் சொன்னேன். நின்றார்கள். முதலும் கடைசியுமாக அக்கா ஓர் ஓடிபியை வாய்விட்டு, கிசுகிசுவென்று சொன்னார். மூன்று நூலகங்களும் ஒன்றாயின. தண்ணீர் வடிந்து ரயில் ஓடி, நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் அவர் மடியில், அந்த ரப்பர் பேண்டு கைப்பேசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

என் வேலை நிரந்தரமானது. அக்கா ஓய்வு பெற்ற அன்று எல்லாக் கணக்குகளையும் என் எண்ணுக்கு மாற்றினோம். உல்லாஸ்நகரின் உடைந்துபோன பழைய ஸ்கேனருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. யாருக்கும் பயன்படாதது. அதை மட்டும் மாற்ற எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

விடுமுறை நாளில் வீட்டிலிருந்து சில சமயம் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். உடனே போன் வரும்.

"ஏட்டி, நம்பர் வந்திருக்கு. சொல்ல மாட்டேன். நேர்ல வாரேன். பிள்ள முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்காக்கா. வாங்க."

பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணைப் பத்திரமாகப் பொத்திக்கொண்டு, தாராவியிலிருந்து அக்கா ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்வார். அதற்குள் நான் காபிக்குப் பால் வைத்திருப்பேன்.